ஷ்யாமளாவின் வெள்ளிச் சாமான்கள்

வெங்கடேஸ்வரன் மாமாவுக்கு அபயாம்பாள் அநேக நமஸ்காரம். ஷ்யாமளாவுக்கு நீங்கள் செய்து போட்ட வெள்ளிச் சாமான்களையெல்லாம் தேய்த்துத் துணியில் சுற்றி, பாலக்காட்டுக்கு வரும் பக்கத்து வீட்டுக் கிட்டுவிடம் கொடுத்திருக்கிறேன். தட்டு, டம்ளர், கூஜா, பால் கிண்ணம், சந்தனப் பேலா, எதுவும் குறையவில்லை. அங்கே வந்து கறுத்தால் கவலைப்பட வேண்டாம். புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஈரம் போகத் துடைத்த பிறகு, சலித்த விபூதியைப் பழைய மல் துணியில் தொட்டு ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் கீறல் விழும். பூவேலையின் இடுக்குகளுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும்.

இதைத்தான் ஷ்யாமளாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் தேய்த்தாள். அப்படியும் அவள் கை பட்ட வெள்ளி ஏன் கறுத்தது, மாட்டுங்காவில் எல்லோரும் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெற்றவருக்குத் தெரிய வேண்டியதுதான்.

என் தம்பி ஜகந்நாதன் பம்பாய்க்கு உத்தியோகத்துக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. புருஷனை இழந்து ஊரில் இருந்த என்னைச் சமையலுக்கு அழைத்துவந்தான். பன்னிரண்டு வருஷம் அவனுக்குப் பொங்கிப் போட்டேன். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்ததும், ரேஷன் வந்த பிறகு புழுத்த அரிசிக்காகக் கிங்ஸ் சர்க்கிள் கடை வரிசையில் நின்றதும் நான்தான். நன்றாயிருக்கிறது என்று அவன் ஒரு நாள் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து வைகாசியில் கல்யாணம். ஷ்யாமளா வந்த மூன்றாம் நாள் அவன் சொன்னான்: “அக்கா, ரேஷன் கார்டை அவகிட்டக் குடுத்துடு. இனிமே அவ பாத்துப்பா. நீ சித்த ஓய்வா இரேன்.”

கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு காலையிலிருந்து ராத்திரி வரை எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடுக்களைப் பக்கம் போனால், “நீங்க உக்காருங்கோ அக்கா, நான் பண்றேன்” என்பாள். நல்லபடியாகத்தான் சொல்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டைக்காரியாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன்.

முதல் தடவை வேண்டுமென்று செய்யவில்லை, மாமா. கையில் அரிப்பு என்று கந்தகப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டிருந்தேன். அந்தக் கையோடு பால் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அது கறுத்துக் கிடந்தது. ஷ்யாமளாவுக்கு முகம் வாடிவிட்டது. “நேத்திக்குச் சாயங்காலம்தானே அக்கா தேச்சேன். எப்படி இப்படி ஆச்சு?” என்று என்னிடம் வந்தாள். புளி கரைக்கச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து தேய்த்தோம். அந்த வீட்டில் ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அந்த வாரமே டம்ளரில் பூசினேன். பிறகு தட்டில். சற்று நேரம் ஊறவிட்டு எண்ணெயைத் துடைத்துவிட்டால் கறுப்பு மட்டும்தான் நிற்கும். லேபர் கேம்ப்பிலிருந்து பாத்திரம் தேய்க்க வந்த முருகம்மாள் ஒருத்திதான் கண்டுபிடித்தாள். “எம்மா, இதுல கந்தக வாடைலா அடிக்கு. எம் மவளுக்குச் சொறிக்குப் போடுத மருந்தும் இப்படித்தான் மணக்கும்” என்றாள். நல்ல வேளையாக என்னிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் ஜகந்நாதனுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. ஓட்டலில் எதையோ தின்றிருப்பான். கறுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “விஷம் பட்டா வெள்ளி கறுக்கும்னு சொல்லுவா. நமக்கென்ன தெரியும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யார் பெயரையும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் தட்டிலிருந்து முதல் பிடியை அவள் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஆயிற்று. அப்போது அவளுக்கு மூன்று மாதம். வாயில் போட்டதும் குமட்டும். குமட்டினால் அவனுக்குச் சந்தேகம். பத்து நாள் பொறுத்தான், பிறகு சமையலையும் ரேஷன் கார்டையும் என்னிடமே கொடுத்தான்.

அதோடு நான் விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அவன் மனசு இளகுகிறவன். குழந்தை பிறந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். அதனால் அவள் தேய்த்து வைக்கும் வெள்ளியில் பூசுவதை நிறுத்தவில்லை.

மார்கழியில் அவள் தன் உள்ளங்கைகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். “எங்கைலதான் என்னமோ இருக்கு அக்கா. பகவான் எதுக்கு இப்படிப் பண்றார்?” என்பாள். தோல் உரிந்து சிவந்திருக்கும். சாதத்தைத் தொட மாட்டாள். நான் பிசைந்து ஊட்டினால் சாப்பிடுவாள். எனக்கு அலுப்பாக இருந்த நாட்களில் நான் ஊட்டவில்லை.

உங்களுக்கு இரண்டு கார்டு எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். “அப்பா, ஒரு தடவை வந்து என்னை அழைச்சுண்டு போங்கோ” என்று இரண்டிலும் எழுதியிருந்தது. அடுப்பில் போட்டேன். வந்திருந்தால் நீங்கள் அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

தை பிறந்ததும் ஜுரம். டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். நாலாம் நாள் வயிற்றிலிருந்ததும் அவளும் போய்விட்டார்கள்.

கந்தகம் பூசியது நான். கார்டுகளை எரித்தது நான். அவளைப் பட்டினி போட்டதும் நான்தான் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஜகந்நாதனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றினால் நீங்களே எழுதுங்கள்.

கடைசி நேரத்தில் உங்கள் குழந்தை யாரைத் தேடினாள் என்று கேட்டிருந்தீர்கள். ஜகந்நாதன் தலைமாட்டில்தான் நின்றான். அவனை அவள் பார்க்கவில்லை. உங்களையும் கூப்பிடவில்லை, மாமா. என்னைத்தான் கூப்பிட்டாள்.