மண்மலையைத் தாண்டிய நாகஸ்வரம்

டவுன்ஷிப் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் தம்பி அவர்களோடு இல்லை. அன்று மாலை வானொலியில் நாகஸ்வரம் வாசிக்கத் திருச்சிக்குப் போயிருந்தார்.

“ஏங்க, மைன்ஸ்ல தோண்டிக் கொட்டுற மண்ணு மல நேத்தைக்கு இன்னிக்கு ஒசந்துகினே போவுது. ரேடியோ அலை எப்பிடித் தாண்டி வரும்?”

“அது ஒசந்தா ஏரியலும் ஒசரும். கூரை மேல ஏறிக் கம்பம் கட்டறேன்.”

“மழையில நனைஞ்ச மண்ணு அலையக் குடிச்சிடுமாமே.”

“குடிக்கட்டும். மிச்சம் நமக்குப் போதும்.”

“கம்பத்துக்கு எங்க போவீங்க?”

“துணி காயப்போடுற உன் மூங்கில்தான்.”

மறுநாள் அதே பஸ்ஸில் கணவர் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார்.

“தம்பி வாசிச்சது கடைசி வரைக்கும் கேட்டுதில்ல?”

“கேட்டுது,” என்றார் மனைவி. “செலவு ஒரு மூங்கிலு, ஒரு முட்டி.”