பாதிக்கு மேற்பட்ட இரவுகள்

வருமான வரிக் கணக்கை ஏப்ரல் வரைக்கும் இழுத்தடிக்கிற ஆள் நான் இல்லை, மேடம். பிப்ரவரி பிறந்ததும் அனுப்பிவிடுவேன். ஒஹையோ குளிரில் வேறு என்ன வேலை?

என் மகள் டீலியா எங்கே என்றுதான் நேற்றிலிருந்து ஸ்டேஷனில் வைத்துக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

மார்சியும் நானும் விவாகரத்து வாங்கியபோது டீலியா சின்னப் பெண். பெற்றவர்களில் ஒருவர்தான் அவள் பெயரை வரிக் கணக்கில் 'என்னைச் சார்ந்து வாழ்பவர்' என்று எழுத முடியும். பிள்ளை யார் வீட்டில் அதிக இரவுகள் தூங்குகிறதோ அவருக்குத்தான் அந்த உரிமை. கல்லூரி விடுதியில் தூங்கினாலும், விடுமுறைக்கு எந்த வீட்டுக்குத் திரும்புகிறாளோ அந்த வீட்டுக் கணக்கில் சேரும். நல்ல சட்டம். வருஷா வருஷம் நான்தான் எழுதினேன்.

போன மே மாதம், கல்லூரியில் முதல் வருஷப் படிப்பு முடிந்து வந்தவள், குளிர்கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"இனிமே லீவுக்கு அம்மா வீடுதான்ப்பா. இங்க எத்தனை ராத்திரி தூங்கினேன்னு எண்ணிக்கிட்டே இருக்கீங்க. மூச்சு முட்டுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கென்று யாருமில்லை என்று என் கையாலேயே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமே. அந்தப் பயம் உங்களுக்குப் புரியாது.

வீட்டு நிலவறையில், சூறாவளிக்குப் பதுங்குவதற்காக நான் கட்டிய அறை இருக்கிறது. இரும்புக் கதவு. "உன் ஸ்கேட்டிங் ஷூ கீழ இருக்கும்மா" என்றேன். இறங்கிப் போனாள்.

அவள் போனிலிருந்து மார்சிக்கு நான்தான் செய்தி அனுப்பினேன். தோழியோடு கொலராடோவில் வேலை, கொஞ்ச நாள் கூப்பிடாதே என்று. கல்லூரிக்கும் ஒரு வருஷம் விடுப்பு எழுதினேன். குறை ஒன்றும் வைக்கவில்லை. தக்காளி சூப், சீஸ் டோஸ்ட், கிறிஸ்துமஸுக்கு ஹாம். முதலில் கதவைத் தட்டுவாள். பிறகு மேலே வீட்டுக்குப் போகும் வெப்பக் குழாயில் கரண்டியால் தட்டினாள். கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மகள் இனித் தன்னோடுதான் என்று நம்பி மார்சியும் அவள் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறாள். ஏற்கெனவே வேறொருவர் எழுதிவிட்டார் என்று கணக்கு திரும்பி வந்துவிட்டது. உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"லோர்ன், வரில டீலியா பேரை நீ போட்டியா?"

"ஆமா."

"வெக்கமாயில்ல உனக்கு? அவ கொலராடோல கிடக்கா. உன் வீட்ல எப்ப இருந்தா?"

வேறு எதிலும் பொய் சொல்லியிருப்பேன். வரி விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

"பாதி வருஷத்துக்கு மேல என் வீட்லதான் தூங்கினா, மார்சி."

"இப்ப... இப்ப எங்க இருக்கா?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

உங்கள் ஆட்கள் நிலவறையில் பழைய வரிக் காகிதப் பெட்டிகளைத்தான் பார்த்தார்களாம். அந்தப் பெட்டிகளை அடுக்கிய அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள். கதவு அதற்குப் பின்னால். நான் வைத்த தண்ணீர் இதற்குள் தீர்ந்திருக்கும். சீக்கிரம் போகட்டும்.

ஒன்றே ஒன்று, மேடம். இன்னும் பிப்ரவரியே முடியவில்லை. இப்போது டீலியாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், இந்த வருஷக் கணக்கில் மார்சிதான் அவள் பெயரை எழுதுவாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.