பாலத்தில் விழுந்த ஒட்டு

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் பனவடலிசத்திரம் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஒரு மேஸ்திரியும், அவர் தங்கையைக் கட்டிய ஓவர்சியரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“தங்கச்சி மாப்பிள்ளையே வந்து பாலத்த உடைன்னு சொல்லுதீரு. அதுவும் அத்தனை ஆளுக முன்னால,” என்றார் மேஸ்திரி.

“பாலத்த இல்ல அத்தான், ஒட்டு விழுந்த இடத்த மட்டும். காங்கிரீட்ட ஏன் பாதியில நிறுத்தினீரு?”

“மந்திரி வாராருன்னு காண்டிராக்டர் என் ஆளுகளப் பந்தல் போடக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் என்ன செய்ய?”

“சரி, நிறுத்தினது உம்ம தப்பில்ல. மறுநாள் இறுகிக் கெடந்த விளிம்பக் கொத்தி விடாம, கழுவாம, அப்படியே புதுசக் கொட்டியிருக்கீரே. எப்படி ஒட்டும்? மழைத்தண்ணி அந்த இடுக்குல இறங்கினா, தளத்தத் தாங்குத இரும்பு உத்திரமே துருப்பிடிச்சிரும்.”

“வேத்தாளா இருந்தா கண்டுக்காமப் போயிருப்பான்.”

“நான் போக மாட்டேன்.”

பஸ் கிளம்பி ஊரைத் தாண்டியது. மேஸ்திரி ஓவர்சியர் பக்கம் திரும்பினார்.

“உடைக்கேன். ஆனா இனி நீரு எங்க வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது.”

“மிதிக்கல. புதுசு போடுத அன்னைக்குப் பாலத்துக்கு வருவேன்,” என்றார் ஓவர்சியர்.