ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள்

– இவ்வளவுமா நம்ம போன்ல பேசினது? செங்கல் மாதிரி கனக்குதே, அக்கா!

– ஆறு வருஷம்டா தம்பி. இந்த அச்சகத்துல உக்காந்து அப்பா பேசினது, நான் பேசினது, ஒண்ணு விடாம போலீஸ்ல ஒட்டுக் கேட்டு டைப் அடிச்சு வச்சிருக்காங்க. இரு இரு, அந்த மெஷின்ல சாயாத, மை ஒட்டிக்கும்.

– எப்படி உன் கைக்கு வந்தது?

– நாம கேட்டா நம்ம ஃபைலைக் காட்டணும்னு இப்பச் சட்டம் வந்திருக்குல்ல? நடையா நடந்து வாங்கினேன். இந்த ஒட்டுக் கேக்கறதப் பத்தி நாளைக்குப் பொது விசாரணை. நான் பேசறேன்.

– எங்க ஆபீஸ்ல இதே பேச்சுதான். ரயில்ல வெடி வைக்கப் போனவனை ஒட்டுக் கேட்டுத்தான் பிடிச்சாங்களாம், தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்னு கேக்கறாங்க.

– நீ குளிக்கறப்ப கதவைச் சாத்தறியே, உள்ள என்ன தப்பா பண்றே? வெடி வைக்கறவன் மேல சந்தேகம்னா நீதிபதிகிட்ட எழுதி வாங்கிட்டுக் கேக்கட்டும். நம்ம பெரியம்மா என்ன பண்ணினாங்க?

– பெரியம்மா வேற இருக்காங்களா இதுல?

– மஞ்சத்தாள் வச்ச இடத்துல பாரு.

– "முழங்கால் வலி. தைலம் பற்றி ஒன்பது நிமிடம். தைலம் சங்கேதச் சொல்லாக இருக்கலாம். தொடர்ந்து கவனிக்க." அட! கவனிச்சவன் நிலைமைய நினைச்சுப் பாரேன், பெரியம்மா பேச்ச முழுசாக் கேட்டிருக்கான்!

– நானும் நேத்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு.

– ஏன்? அந்த நோட்டீஸ் விஷயமா?

– ம்.

– மில்காரங்க வேலைநிறுத்த நோட்டீஸ். அடிச்ச மறுநாளே போலீஸ் வந்து மெஷினுக்குச் சீல் வச்சது. நான் அரசாங்க வேலைல சேந்து பத்து நாள்கூட ஆகல. "உன்னை விட்டா வேற யாருடா சொல்லியிருப்பா"ன்னு அப்பா என் சட்டையப் பிடிச்சாரு. அதோட வெளிய போனவன், அவர் செத்தப்பதான் உள்ள வந்தேன்.

– உக்காரு. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன். இருநூத்திப் பதினாலாம் பக்கம்.

– "மகள்: நோட்டீஸ் ஆயிரமும் தயார், நாளைக்கு வந்து எடுத்துக்கங்க." அக்கா... இது நீ.

– நான்தான். யாரும் காட்டிக் குடுக்கல. நான் போன்ல பேசினேன், அவன் கேட்டுட்டான். பழி உன் தலைல விழுந்துது. திட்டணும்னா திட்டிடுடா.

– உன்னை என்னன்னு திட்டறது? ஒருத்தன் காதை வச்சுக்கிட்டு இருக்கான்னு உனக்கென்ன ஜோசியமா தெரியும்? இதைப் பார்க்க அப்பா இல்லையேன்னுதான் இருக்கு.

– இன்னும் இருக்கு. இங்கேருந்து உன் பழைய நம்பருக்கு ஞாயித்துக்கிழமை தவறாம போன் போயிருக்கு பாரு.

– "எதிர்முனை: ஹலோ, யாருங்க? ஹலோ! இவர் பேசவில்லை. நான்கு நிமிடம்." அடுத்த வாரமும்... அதுக்கடுத்த வாரமும்... அக்கா, அது அப்பாவா? கத்துவேன் ஹலோ ஹலோன்னு, மூச்சு மட்டும்தான் கேக்கும். எவனோ வேவு பார்க்கறான்னு பயந்து நம்பரையே மாத்திட்டேனே!

– மாத்தின பிறகும் ஒரு தடவ கூப்பிட்டிருக்கார். கடைசிப் பக்கம்.

– நீ படி. எனக்கு எழுத்து தெரியல.

– "இந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற அறிவிப்பு ஓடுகிறது. அதன் மேலேயே இவர் பேசுகிறார்: தம்பி, நீ சொல்லியிருக்க மாட்டேடா. தப்பு என்னோடது. வீட்டுக்கு வந்துடு. குரல் உடைகிறது. முக்கியமான செய்தி எதுவும் இல்லை."

– வந்துடுன்னாரா? வீட்டுக்கு வந்துடுன்னாரா, அக்கா?

– தண்ணி குடி. குடிடா.

– இது எவனோ அடிச்ச டைப்புதானே, அக்கா. அவர் பேசினது... அந்த டேப் இருக்குமா? ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்.

– இருக்கும். ஒட்டுக் கேட்ட டேப் மொத்தத்தையும் எரிக்கணும்னு மூவாயிரம் பேர் மனுவை நாளைக்கு நான்தான் குடுக்கப்போறேன். முதல் கையெழுத்தே என்னோடதுடா.