பம்பா ஓந்தாவில் இறங்கியவர்

ஆட்டை முழுதாகக் கம்பியில் குத்தி நிறுத்திச் சுடுவதென்றால் காலையிலேயே நெருப்பு மூட்டிவிட வேண்டும், மேடம். அவசரப்பட்டால் மேலே கருகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். எங்கள் விமானச் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் அந்த வேலையை என்னிடம்தான் விடுவார்கள். பல் மருத்துவனுக்குப் பொறுமை அதிகம் என்பது அவர்கள் எண்ணம். அது உண்மைதான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நடுங்குகிறவர்களைச் சமாதானப்படுத்தியே தலை நரைத்தவன் நான்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் அந்தச் சனிக்கிழமைகள்தான். சாப்பிட்டு முடித்ததும் அடுப்பைச் சுற்றி உட்காருவோம். மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளை கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். அந்த வாரம் பறந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். எந்த ஓடுதளத்துக்குப் போனார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து தள்ளியது, புல் எவ்வளவு உயரம், மண் எங்கே இளகியிருந்தது என்பதெல்லாம் அதில் வரும். பெருமை அடித்துக்கொள்வதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்டுத்தான் அடுத்தவன் தன் விமானத்தை அங்கே கொண்டுபோவான். எங்கள் அய்சேன் மலைப்பகுதியில் பாதி ஓடுதளங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. எங்கள் வாய்ப்பேச்சுதான் வரைபடம்.

யாராவது புதிய இடத்தில் இறங்கினால் அங்கிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, அதில் இடத்தின் பெயரை எழுதி, அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைப்பார்கள். என் கற்கள் எல்லாம் சுலபமான இடங்களைச் சேர்ந்தவை. எங்கள் தலைவி எலியானா பர்ரியா, ஊரில் பாதிப் பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவள், ஒவ்வொரு முறையும் என்னைச் சீண்டுவாள்.

"டாக்டர் இந்த வாரம் எங்க போனீங்க? கீழ காபி கடை இருந்துச்சா?"

"காபி கடை இல்லாத ஊருல டாக்டர் சக்கரத்தைக் கீழயே விடமாட்டாரு" என்பான் இன்னொருவன்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். எலியானா கெட்டவள் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் கேட்ட கிண்டல் எங்கேயோ போய்த் தங்கிவிடுகிறது, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பம்பா ஓந்தா பற்றி எல்லோருக்கும் தெரியும். தொங்கும் பனிப்பாறைக்குக் கீழே, யாரும் இல்லாத பழைய மாட்டுக்கொட்டிலின் பக்கத்தில் ஒரு புல்தரை. பள்ளத்தாக்கு உள்ளே போகப்போகக் குறுகும். முடிவில் சுவர்போல மலை. ஓரிடத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப இடம் கிடையாது, இறங்கித்தான் ஆகவேண்டும். அதனாலேயே அந்தப் பெயர் எழுதிய கல் எங்கள் பலகையில் இல்லை.

போன மார்ச்சில் நான் அங்கே போனேன். மேகம் மலை உச்சிகளில் படுத்துக்கிடந்ததால் அதற்குக் கீழே நுழைய வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஈரப்பாறை. இறக்கை நுனி எதையோ உரசிவிடும் போலிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொடை தானாக ஆடியது, பெடலின் மேல் வைத்த கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. திரும்ப முடியாத இடம் வருவதற்குள் திருப்பிவிட்டேன். அது விவேகமான முடிவு. எலியானாவே தன் மாணவர்களிடம் அதைத்தான் சொல்வாள்.

திருப்பும்போது தூரத்தில் ஓடுதளம் தெரிந்தது. முன்பாதி மினுமினுத்தது. தண்ணீர் என்று நினைத்தேன். பின்பாதி பச்சையாக, சீராக இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆற்றங்கரையில் காரை நிறுத்திக் கைகளைக் கழுவினேன். அங்கே ஒரு கல் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை எலியானா, பம்பா ஓந்தா என்று எழுதிய அந்தக் கல்லைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு எழுந்து நின்று கைதட்டினாள். எல்லோரும் எழுந்தார்கள். "எப்படி டாக்டர் இறங்குனீங்க? சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். முன்பாதி ஈரம், அங்கே சக்கரம் படக்கூடாது, பாதி தாண்டி விட்டால் கெட்டித்தரை என்றேன். பார்த்ததை வைத்துத்தான் சொன்னேன். ஒரு விமானி அப்படித்தான் ஊகிப்பான்.

அதற்குப் பிறகு காபி கடைப் பேச்சு நின்றது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்னைக் காட்டி, "இவருதான் பம்பா ஓந்தாவுல இறங்குனவரு" என்பார்கள். என் மனைவி இறந்த பிறகு யாரும் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

லாலோ மில்லார் கால்நடை மருத்துவன். மந்தைகளைத் தேடித் தன் சின்ன விமானத்தில் போய்வருவான். நல்ல பையன் என்று சொல்லக்கூடாது, நாற்பது தாண்டியவன், ஆனால் எனக்கு அப்படித்தான் வருகிறது. அவனுக்கும் பம்பா ஓந்தாவில் இறங்க ஆசை வந்துவிட்டது. ஏப்ரலில் ஒருநாள் மதியம் என் மருத்துவமனைக்கே வந்துவிட்டான்.

"டாக்டரே, நாளைக்கு வானம் சுத்தமா இருக்குமாம். போயிட்டு வந்துடறேன். பாதி தாண்டி இறங்கணும், அவ்ளோதானே?"

"காற்று பலமா இருந்தா விட்டுடு லாலோ."

"காத்தெல்லாம் நான் பாத்துக்கறேன். தரை மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா எனக்குச் சாமி சொன்ன மாதிரி."

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன். வாயையும் திறந்தேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள், கதவு பாதி திறந்திருந்தது. தவிர, நான் சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம் அல்லவா? "பாதி தாண்டி" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் திரும்பவில்லை. அபாய சமிக்ஞைக் கருவியிலிருந்தும் எந்தச் செய்தியும் வரவில்லை. மறுநாள் காலை சங்கத்தில் எல்லோரும் கூடினோம். லாலோவின் மனைவி நூரி ஒரு மூலையில் நின்றிருந்தாள். எலியானா வரைபடத்தை விரித்து என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பள்ளத்தாக்குல நுழைஞ்சு பழகினவரு நீங்க ஒருத்தர்தான். அங்க நீங்க போங்க டாக்டர். மத்த பக்கத்தை நாங்க பிரிச்சுக்கறோம்."

நூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு குளிர் தாங்கமாட்டாரு டாக்டர். ரெண்டு சாக்ஸ் போட்டுட்டுத்தான் தூங்குவாரு" என்றாள்.

வானம் தெளிவாக இருந்ததால் மலைக்கு மேலேயே பறந்தேன். பள்ளத்தாக்குக்குள் இறங்கவில்லை. மேலிருந்து பார்த்தபோது எல்லாம் புரிந்தது. முன்பாதி மினுமினுப்பு தண்ணீர் இல்லை, கூழாங்கல். கல்போன்ற தரை. பின்பாதிப் பச்சை முழுவதும் சதுப்பு. அதில் லாலோவின் விமானம் தலைகீழாகக் கிடந்தது. செத்துப்போயிருப்பான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதை ஓர் ஆறுதலாகவும் உணர்ந்தேன், மறைக்க விரும்பவில்லை.

அப்போது, சங்கத்தில் நாங்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசையில் அவன் குரல் வந்தது. கையில் வைத்துப் பேசும் சிறிய ரேடியோவை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான். அது மலையைத் தாண்டிக் கேட்காது. நேர் மேலே பறப்பவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

"டாக்டரே, நீங்கதானா? சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சேன். கால் மாட்டிக்கிச்சு. அசைக்க முடியல. தண்ணி முழங்கால் வரைக்கும் இருக்கு."

"கவலைப்படாத லாலோ. பார்த்துட்டேன்."

"நீங்க சொன்ன இடத்துலதான் இறங்கினேன் டாக்டரே. இது சதுப்பு. எப்பவுமே சதுப்பாத்தான் இருந்திருக்கும், புல்லைப் பார்த்தாலே தெரியுது. நீங்க எங்க இறங்குனீங்க?"

ரேடியோ பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு இன்னொரு வட்டம் போட்டேன். இயந்திரத்தின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்திருப்பான். அவனே தொடர்ந்தான்.

"சரி விடுங்க. வெளிய வந்ததும் சனிக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடணும். வேற யாரும் இங்க வந்து மாட்டிக்கக்கூடாது."

லாலோ கோபத்தில் சொல்லவில்லை, மேடம். அவனுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வேறு ஒருவனாயிருந்தால் பேசிச் சமாளித்திருப்பேன். லாலோ அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி, வெள்ளந்தியாகச் சொல்லுவான். எலியானா தலையைத் திருப்பி அந்தக் கல்லைப் பார்ப்பாள். அந்தத் திருப்பத்தை நான் விமானத்தில் உட்கார்ந்தபடியே கண்டேன். மார்ச்சில் பாறைகளுக்கு நடுவே வந்த அதே நடுக்கம் காலில் வந்தது.

"உதவி வருது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

சங்கத்தில் இறங்கியபோது எல்லோரும் ஓடிவந்தார்கள். ஓடுதளத்தின் மேலே தாழப் பறந்து பார்த்தேன், காலியாக இருக்கிறது என்றேன். காற்றுக்குப் பயந்து கடற்கரைப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்திருப்பான் என்றேன். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்கள்? மீட்பு ஹெலிகாப்டர் கடற்கரைக்குப் போனது.

மறுநாளும் போனேன். "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்றபோது நூரி அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். அவன் இருக்கமாட்டான் என்று எதிர்பார்த்தேன். இருந்தான்.

"நேத்தும் வர்றாங்கன்னு சொன்னீங்களே டாக்டரே?"

"ஹெலிகாப்டர்ல ஏதோ கோளாறு. சரி பண்ணிட்டு இருக்காங்க. இன்னும் கொஞ்சம்தான்."

"ராத்திரி ரொம்பப் பயமா இருந்துச்சு. பனிப்பாறை உடையிற சத்தம். நீங்க போகாதீங்க. கொஞ்சம் பேசிட்டு இருங்க."

பேசினேன். எரிபொருள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டே பேசினேன். நூரி அவனுக்காகக் காத்திருப்பதைச் சொன்னேன். சாக்ஸ் பற்றிச் சொன்னபோது சிரித்தான். பல் பிடுங்க உட்காரவைத்தவனிடம் பேசுவதுபோலவே பேசினேன். வலி குறைந்தமாதிரி இருக்கிறது என்றான். அப்படிப்பட்ட குரல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அதற்கடுத்த நாளும் போனேன். ஏன் போனீர்கள் என்று கேட்டீர்கள். இன்னும் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அது ஒன்று. ஆனால் அது மட்டும் என்று எழுதாதீர்கள். அவனைத் தனியாக விட மனம் வரவில்லை. அவன் பேச்சு அன்று குழறியது. என்னை அப்பா என்று கூப்பிட்டான். "அப்பா, லைட்டைப் போடுப்பா" என்றான். போடுகிறேன் என்றேன். "லாலோ, வந்துட்டாங்க, வாசல்ல நிக்கிறாங்க, கண்ணை மூடித் தூங்கு" என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

இறங்கி, விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். எலியானா வாசலில் வந்து நின்றாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஏரிப்பக்கத்தைத் தேடிவிட்டு உயரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தாளாம். பள்ளத்துக்குள் கிடந்தவன் பேசியது அவளுக்குக் கேட்க வழியில்லை. மேலே பறந்த நான் பேசியது கேட்டிருக்கிறது.

"யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க டாக்டர்?"

"யார்கிட்டயும் இல்லையே."

"லாலோன்னு சொன்னீங்க. தூங்குன்னு சொன்னீங்க." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அவன் உயிரோட இருக்கானா? கடவுளே, எவ்வளவு நாளா பேசிட்டு இருக்கீங்க?"

நான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, பிறகு ரேடியோ அறைக்கு ஓடினாள்.

ஹெலிகாப்டர் போய்ச் சேர்ந்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். அதை எனக்குச் சொன்னவர் கண்ணில் நீர் வைத்துக்கொண்டு சொன்னார். முதல் நாளே போயிருந்தால் காலோடு போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பான் என்றார் உங்கள் மருத்துவர். சரியாகத்தான் சொல்கிறார். நானும் படித்தவன், எனக்கும் தெரியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். லாலோ மில்லார் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். எங்கே கிடக்கிறான் என்பதும் தெரியும். தேடுகிறவர்களை வேறு பக்கம் அனுப்பியது நான். அவன் சாகும்வரை காத்திருந்தது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கொலை என்ற சொல்லைப் போடுவதானால் போடுங்கள், நான் வாதாடப் போவதில்லை. எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தின் நகல் சங்கத்துக்கும் போகும் என்றீர்கள். எலியானா அதை எல்லோருக்கும் படித்துக் காட்டுவாள். மற்றது எல்லாம் இருக்கட்டும், மேடம். பம்பா ஓந்தாவில் நான் இறங்கவில்லை என்று ஓரிடத்தில் வருகிறதே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.