ஆளில்லாத அலைவரிசை

மலையில் ரேடியோ கேட்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும், சார். ஏலப்பாறைப் பக்கம் ஒரு வளைவில் திருச்சி நிலையம் கணீரென்று கேட்கும். அடுத்த வளைவில் வெறும் இரைச்சல்தான். அதனால் எங்கள் டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பாட்டு மங்கினால் வண்டியை மெல்ல முன்னே விட்டுப் பார்ப்பார்கள், பின்னே எடுத்துப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு பீடி பற்றவைப்பார்கள். உள்ளே இருக்கிற பயணிகளும் முணுமுணுப்பதில்லை, அவர்களுக்கும் பாட்டு வேண்டுமே.

தேயிலைச் செடியில் சுற்றிக் கிடந்த செம்புக் கம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். அது என்னுடையதுதான். விபத்து என்று கேஸ் எழுதி முடித்த பிறகும் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் இந்த வாரம் நானே வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். மிகவும் அசதியாக இருக்கிறது.

என் பெயர் செல்லத்துரை. பஜாரில் ரேடியோ பழுது பார்க்கிறேன். இறந்துபோன கருத்தப்பாண்டி என் தங்கை பூமாரியின் புருஷன். அப்பனும் ஆத்தாளும் எஸ்டேட் லயத்து வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு பூமாரியை வளர்த்தது நான்தான். எனக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை, நானும் தேடவில்லை. அவளைப் பாண்டிக்குக் கொடுத்து, மாப்பிள்ளையை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். தங்கமான மனுஷன். சொந்தமாக ஒரு பழைய அம்பாசடர் டாக்சி வைத்து ஓட்டினார்.

துபாயிலிருந்து வந்த ஒருவர், கையில் தூக்கிப் போகிற டேப் ரிக்கார்டர் ஒன்றையும் காரில் பொருத்துகிற ரேடியோ ஒன்றையும் அவருக்கு விற்றுவிட்டுப் போனார். டேப் ரிக்கார்டரின் சத்தம் என்ஜின் சத்தத்தில் அமுங்கிவிடும். கார் ரேடியோவிலோ கேசட் போட வழியில்லை. இதில் பாடுவதை அதில் பாட வைக்க முடியாதா என்று மாப்பிள்ளை என்னை நச்சரித்தார். அந்த ரேடியோவில் எஃப்.எம். என்று ஒரு பட்டை இருந்தது. இந்த மலையில் அந்தப் பட்டையில் ஒரு நிலையமும் கிடையாது, முள்ளை எங்கே வைத்தாலும் சீறல்தான் வரும். ஒரு டிரான்சிஸ்டர், கொஞ்சம் சுருள் கம்பி, ஒரு பேட்டரி, எல்லாவற்றையும் சோப்பு டப்பாவில் அடக்கி அவருக்கு ஒன்று செய்து கொடுத்தேன். டப்பாவை டேப் ரிக்கார்டரில் செருகினால் அது பாட்டைக் காற்றில் அனுப்பும். கார் ரேடியோ அந்த ஆளில்லாத பட்டையில் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒயர் இல்லாததைப் பார்த்துப் பயணிகள் வாயைப் பிளந்தார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்று மாப்பிள்ளை கேட்டார். ஒரு சாண் தூரம், ரேடியோவை ஒட்டியே வைக்க வேண்டும் என்றேன். உண்மையில் கம்பியை நீட்டினால் ஐம்பது கஜம்கூடப் போகும். லைசென்ஸ் இல்லாமல் இதையெல்லாம் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அவர் டீக்கடை தோறும் பெருமையடிப்பார். அதனால்தான் அப்படிச் சொன்னேன், வேறு எண்ணம் அப்போது இல்லை.

ஒருநாள் மத்தியானம் பூமாரி கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். டேப் ரிக்கார்டர் துடைப்பதற்காக என் மேஜையில் இருந்தது. பதிகிற பொத்தானை அமுக்கிவிட்டு, ஏதாவது பேசு என்றேன். வெட்கப்பட்டாள். பிறகு டிரிப் போயிருந்த புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி பேசினாள். "மாமா, எங்கன இருக்கீக? வெரசா வாங்க. சோறு ஆறிப்போகுது." அதையே நாலைந்து தரம் மாற்றி மாற்றிச் சொன்னாள், அப்புறம் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் அந்தக் கேசட்டில் இருப்பது. மாப்பிள்ளைக்குத் தீபாவளியன்று போட்டுக் காட்டி அசத்தலாம் என்று எடுத்து வைத்தேன். அந்த மழைக்காலத்திலேயே அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கோட்டயம் ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளைதான் அதே காரில் கொண்டுபோனார், திரும்பி வரும்போது அவள் பின்சீட்டில் படுத்திருந்தாள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

அதன் பிறகு நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பொங்கிப் போடுவேன், அவர் சாப்பிடுவார். அவளைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. கேசட்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. கடையைச் சாத்தும் முன் ஒருதரம் நான் மட்டும் கேட்டுக்கொள்வேன்.

வருஷம் திரும்பியதும், மறுபடி கட்டிக்கொள்ளலாமா என்று அவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். பெண் சக்குபள்ளத்தில் ஏலக்காய் பொறுக்குகிற முத்துப்பேச்சி. நல்லது மாப்ள, ரொம்ப நல்லது என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு சக்குபள்ளத்திலேயே வீடு பார்க்கப் போவதாகச் சொன்னார். செத்தவளின் அண்ணன் வீட்டில் வந்து குடியிருக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வரும், நியாயம்தான். ஆனால் அன்றைக்குக் கடையைச் சாத்தும் முன் கேசட்டை மூன்று தரம் கேட்டேன். என்னை விட்டால் பூமாரியைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவரும் போய்விட்டால் அவள் இருந்ததற்கே அடையாளம் இல்லை என்று பயந்துபோனேன்.

அந்தச் சமயத்தில் சோப்பு டப்பா பழுதாகி, டேப் ரிக்கார்டரோடு என்னிடம் கொடுத்திருந்தார். அன்றே சரிசெய்துவிட்டேன். சாமான் கோட்டயத்திலிருந்து வர வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். ரேடியோ முள்ளை மட்டும் நகர்த்தாதீர்கள், மறுபடி சேர்ப்பது கஷ்டம் என்றும் சொன்னேன். சீறல் கேட்டால் வண்டி ஓட்டும்போது தூக்கம் வராது என்று அவர் அதை அப்படியே ஓடவிட்டிருந்தார்.

ஊருக்கு வெளியே வளைவில் மாடசாமி கல் இருக்கிறது. எல்லா டிரைவர்களும் அங்கே வேகத்தைக் குறைத்து ஒரு காசு போட்டுவிட்டுத்தான் போவார்கள். கடைசி டிரிப் முடித்து அவர் பொழுது சாய வருவார். நான் குறுக்குப் பாதையில் முன்னதாகப் போய்த் தேயிலைக்குள் உட்கார்ந்தேன், கம்பியைச் செடிமேல் நீட்டிவிட்டேன். அவர் காசு போடக் கையை நீட்டியபோது கேசட்டை ஓடவிட்டேன்.

வண்டியை அணைக்காமலே வீட்டுக்குள் ஓடிவந்தார். பூமாரி பேசினாள் என்றார். டப்பா எங்கே என்று கேட்டார். அவருக்கு முன்னே குறுக்குப் பாதையில் வந்து பாகம் பாகமாகக் கழற்றி வைத்திருந்ததைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்தப் பட்டையில உலகத்துல ஒருத்தரும் பேசமாட்டாகன்னு நீங்கதான மச்சான் சொன்னீக" என்றார். ஆமாம் என்றேன். சூடாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று முதல் அவர் வீட்டுக்கு வந்ததும் பூமாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் நடை, அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு, கோபம் வந்தால் அவள் பாத்திரத்தை வைக்கிற வேகம். நானும் பேசினேன். அவள் போன பிறகு அந்த வீட்டில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் போகாத நாட்களில் அவர் முகம் வாடிப்போய் வருவார், எனக்கு மனசு கேட்காது, மறுநாள் போய்விடுவேன். மெலிந்துகொண்டே வந்தார். சவாரியை விட்டுவிட்டு வளைவிலேயே காத்துக் கிடந்தார். நான் அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கொழுந்து கிள்ளுகிற பெண்கள் மேல்பக்கம் கம்பியைப் பார்த்துவிடுவார்கள் போலிருந்தது. அதனால் ரோட்டுக்குக் கீழே, சரிவுப் பக்கம் இடம் மாற்றினேன். போன மழையில் அங்கே தடுப்புச் சுவர் கொஞ்ச தூரம் இடிந்து போயிருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள்.

பிறகு ஒருநாள் முத்துப்பேச்சியின் ஆட்கள் வந்து கல்யாணம் உண்டா இல்லையா என்று கறாராகப் பேசிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு முத்துப்பேச்சியையும் கூட்டிக்கிட்டு அங்கன போறேன் மச்சான். பூமாரி பேசலேன்னா, போயிட்டு வாங்கன்னு அவ சொன்னதா எடுத்துக்கிடுதேன். பேசிட்டான்னா இந்தக் கல்யாணம் வேண்டாம். நீங்க என்ன சொல்லுதீக?"

"அவ என்ன சொல்லுதான்னு பாப்போம் மாப்ள" என்றேன்.

நான் மறுநாள் அங்கே போகாமல் இருந்தால் போதும், அவர் நிம்மதியாகக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. வழக்கம்போல் அதே இடத்தில் வைத்துப் பேசவிட்டிருந்தாலும் கல்யாணம் நின்று, எல்லாரும் உயிரோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அதுவும் தெரியும். ஆனால் நின்ற கல்யாணம் மறுபடி நடக்கும், சார். ஒருதரம் அப்படி நடக்கப் பார்த்ததே. அன்று டப்பாவைச் சரிவில் இன்னும் கீழே கொண்டுபோய் வைத்தேன். கம்பியைப் பாதிக்கு மேல் சுருட்டிவிட்டேன். ரோட்டில் நின்றால் அவள் குரல் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் கேட்கும். சுவர் இடிந்த ஓரத்துக்கு நேராக வந்தால்தான் தெளியும்.

மூடுபனி இறங்கியிருந்தது. விளக்கு வெளிச்சம் வந்து மாடசாமி கல்லருகே நின்றது. கேசட்டை ஓடவிட்டேன். கார் கொஞ்சம் முன்னே வந்தது, பின்னே போனது, பிறகு சரிவுப் பக்கமாகத் திரும்பி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அந்தப் பெண் போதும், பின்னால் எடுங்கள் என்று சொல்வது எனக்குக் கீழே கேட்டது. அப்போது பூமாரியின் சிரிப்போடு கேசட் முடிந்தது. கார் நின்றுவிட்டது. முன்சக்கரம் அப்போது விளிம்பில்தான் இருந்தது, அவர் பின்னால் எடுத்திருக்கலாம், எடுக்கத்தான் கியரை மாற்றினார்.

நான் கேசட்டைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓடவிட்டேன். கார் இன்னும் கொஞ்சம் முன்னே வந்தது.

முத்துப்பேச்சி தேயிலைக்குள் தெறித்து விழுந்து முனகிக்கொண்டிருந்தாள். கால் போனாலும் உயிர் பிழைத்தது அவள் அதிர்ஷ்டம். பொம்பிளைக் குரல் கேட்டது என்று அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை, பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியிடம் கொண்டுபோய் அடிக்கிறார்களாம். அவள் சொல்வது உண்மை, எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை ஸ்டியரிங்குக்கு அடியில் கிடந்தார். நான் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நான் எப்படி அங்கே வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. "மச்சான், ஒங்களுக்கும் கேட்டுச்சா?" என்றுதான் கேட்டார்.

"கேட்டுச்சு மாப்ள" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது, அப்படியே போய்விட்டார். அந்த மனுஷனிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, சார்.