என்ன படித்த மாஸ்டர் சோணைமுத்து?

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிலாளர் நலச் சங்கத்து அண்ணன் தங்கவேலு அவர்களே, கேட்டவுடன் ரோட்டோர அறையைத் திறந்துவிட்ட வாடகை வீட்டுக் காம்பவுண்டுக்காரர் ஆயம்மாள் அக்கா அவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் ஒச்சம்மாள் மதினி அவர்களே, வாரத்தில் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கும் முதலிபாளையத்துத் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ரோஸ்மேரி, பனியன் கம்பெனியில் பவர்டேபிள் மெஷினில் தைக்கிற டெய்லர். என் கடைக்குட்டியைப் பார்த்து வளர்த்துக் கொடுத்தவர் மதினியின் வீட்டுக்காரர், மறைந்த நம் மாஸ்டர் சோணைமுத்து அண்ணன். நான் மேடையில் பேசிப் பழகியவள்தான். ஆனால் இன்று துக்கத்தைவிட ஆத்திரம் முந்திக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த சோணைமுத்து? பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மானாமதுரைப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் வந்து, ஸ்டீம் மேசைக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தான். நாற்பத்தெட்டு வயதில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. இனிமேல் நின்று வேலை பார்க்கக்கூடாது என்றார் டாக்டர். உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டுப் போனார். டைம் ஆபீசில் டிகிரி கேட்டார்கள். ஸ்டோரில் டிகிரி கேட்டார்கள். வாட்ச்மேன் வேலைக்குக்கூட பன்னிரண்டாவது கேட்டார்கள். ஐந்தாவது படித்த மனிதர் எங்கே போவார்? அத்தனை வருட உழைப்பை எந்தச் சான்றிதழில் காட்டுவார்?

வேலையில்லாமல் வீட்டில் கிடந்தபோதுதான் பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுவது அவர் காதில் விழுந்தது. வெளியே பூட்டு. உள்ளே, செக்கிங் வேலைக்குப் போன அபிராமியின் மகள் மோனிஷா. பால்வாடி சாயங்காலத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. நமக்கோ ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை மணிக்குத்தான் விடுவார்கள். நடுவிலே பிள்ளையை என்ன செய்வது? பெற்றவள் எவளாவது மனசாரப் பூட்டுவாளா? அபிராமி வருகிறவரை மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் குழந்தையோடு பேசிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில், "பூட்டாத தாயி, எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றார்.

ஆம்பளையை நம்பிப் பிள்ளையை விடுவதா என்று நாமெல்லாம் தயங்கினோம். தயங்கியதில் தப்பில்லை, காலம் அப்படி. மதினிகூடச் சிரித்தார்: "பெத்த பிள்ளைக்கே சட்டை மாட்டிவிடத் தெரியாத மனுசன், ஊர்ப்பிள்ளைகளைப் பாக்கப் போறாராம்ல." ஆயம்மாள் அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பார்த்துப் பார்த்துத்தான் நமக்கு நம்பிக்கை வந்தது. எந்த நேரமும் கதவைச் சாத்தக்கூடாது என்பது மாஸ்டர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சட்டம். ஆரம்பத்தில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் போதும், உடனே மதினிக்குப் போன் அடிப்பார். பிறகு எல்லாம் பழகிவிட்டது. சின்னச் சின்னச் சட்டைகளை எக்ஸ்போர்ட் பீஸ் போல மடித்து அடுக்குவார். வடக்கத்திப் பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர்ஜி.

அந்தப் பெயர்தான் வினையானது. படிக்காத ஒருவர் மாஸ்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று யாரோ மனு போட்டுவிட்டார்கள். ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். "நீங்கதான் மாஸ்டரா? என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"அயர்ன் மாஸ்டர் சார்" என்றார் அண்ணன்.

ஆயம்மாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், எங்கூர்ல டீ ஆத்தறவரும் மாஸ்டர்தானுங்க, துணி வெட்டறவரும் மாஸ்டர்தானுங்க. இவரை வேற என்னன்னு கூப்புடறதுங்க?"

அதிகாரி சிரிக்கவில்லை. அனுமதி இல்லை, குழந்தை பராமரிப்பில் பயிற்சி இல்லை என்று மூடச் சொன்னார். பிள்ளைகள் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடச் சொன்னவர், இந்தப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று சொன்னாரா? பயிற்சியில் சேரலாம் என்று மாஸ்டர் விசாரித்துப் பார்த்தார். அதற்கும் பன்னிரண்டாவது. "அஞ்சாப்புப் படிச்சவன் பன்னெண்டை எட்டுறதுக்குள்ள இந்தப் பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆயிரும் ரோஸு" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு எங்கே போனார்? திரும்பவும் அயர்ன் மேசைக்குத்தான். காண்ட்ராக்டில் போனார். இந்தச் சித்திரை வெயிலில், அந்த ஆவியில், காலில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். "வேணாம்ணே" என்றேன். "உக்காந்து தின்ன முடியுமாத்தா?" என்றார். போன செவ்வாய்க்கிழமை அந்த மேசையடியிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஐம்பத்துநான்கு வயது. நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் அதை நம்பவில்லை. பிடித்த வேலையை ஒருமுறை செய்து பார்த்த மனிதரைப் பழைய மேசைக்கே விரட்டினோம், அதில்தான் அவர் போனார்.

மோனிஷா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தம்பி அதே அறையில், அதே பூட்டுக்கு உள்ளே இருக்கிறான். அபிராமி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஏன் பூட்டுகிறாய் என்று நானும் கேட்பதில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள், மாஸ்டர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்லி அமர்ந்தார்கள். எல்லோரும் கை தட்டினோம். யார் தொடர்வது? படத்துக்கு மாலை போட்டால் பிள்ளைக்குச் சோறு ஊட்டியதாகுமா? நாளை திங்கட்கிழமை. காலை எட்டரைக்கு நாம் எல்லோரும் மெஷினில் இருப்போம்.

நான் இருக்க மாட்டேன். நேற்றே கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கே இப்போதுதான் தெரியும், அதோ எழுந்து நிற்கிறார். எனக்கு வயது நாற்பத்துமூன்று. எட்டாவது ஃபெயில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், கிடைக்கும் என்று நம்பவில்லை. திரும்பவும் வருவார்கள், என்ன படித்தாய் என்று கேட்பார்கள், மூடச் சொல்வார்கள். ஒரு மாதம் ஓடுமா, ஒரு வாரம் ஓடுமா, எனக்குத் தெரியாது. மூடுகிற நாள்வரைக்கும், ஆயம்மாள் அக்கா திறந்துவிட்ட ரோட்டோர அறைக்கு, என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுங்கள். அபிராமி, முதலில் உன் மகனைக் கூட்டிக்கொண்டு வா.